நான் சொன்ன நான்கு பெயர்கள்

அன்புள்ள தம்பி,

உன் புத்தகத்துக்கு நீ எழுதி அனுப்பிய முன்னுரை கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். என் ஆங்கிலம் ஒன்றும் மோசமில்லை என்று உனக்குத் தெரியும். விளங்காமல் மூன்று தரம் வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அமெரிக்காவிலிருந்து கோல் எடுத்து, "அம்மா, எப்பிடி? ஓகேயா? ஏதும் மாத்த வேணுமா?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு ராசா, ஒண்டும் மாத்தத் தேவையில்லை" என்றேன். நீ சிரித்துவிட்டு, "யூ ஆர் அ லெஜென்ட், அம்மா" என்றாய். போனை வைத்த பிறகு, கழுவி வைத்திருந்த கோப்பைகளையே எடுத்துத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பொய். மாற்ற வேண்டும். அதில் என்னைப் பற்றி நீ எழுதியிருக்கும் ஒன்றரைப் பக்கமும் பிழை, அந்தப் பிழைக்குக் காரணம் நான். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்று நீ சொன்னபடியால்தான் இந்தக் கடிதம். வாயால் சொல்ல எனக்கு ஏலாது, முயன்று பார்த்துத் தோற்றுப்போனேன். சனிக்கிழமை தோறும் உன்னைக் கிங்ஸ்பரித் தமிழ்ப் பள்ளிக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போனது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொள். மெதுவாக வாசி. வாசித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டாம். ஆருக்கும் காட்டலாம் என்ற எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் உன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு அந்த வாய் இருக்காது. அமெரிக்கா என்றால் டொலரும் பெரிய காரும்தான் என்று நினைத்திருந்த என்னை இருத்திவைத்துப் படிப்பித்தவன் நீ. 1930களில் அங்கே வந்த பஞ்ச காலத்தில் வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்துத் தபால் கந்தோர்ச் சுவர்களில் வரையச் சொன்னதையும், அவர்களில் சோசலிசத்தில் நம்பிக்கை வைத்திருந்தவர்கள் குதிரையில் இருக்கும் தலைவர்களை விட்டுவிட்டு நிலக்கரி அள்ளுகிறவனையும் தறியில் நிற்கும் பெண்ணையும் சுவரளவுக்கு வரைந்ததையும் நீதான் படம் படமாகக் காட்டினாய். இத்தாலியனும் யூதனும் பின்லாந்துக்காரனும் கப்பலில் வரும்போதே அந்தக் கொள்கையைத் தங்கள் மூட்டைக்குள் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றாய். தேவாலயப் பாட்டின் மெட்டைப் பிடித்து அதற்குள் வேலைநிறுத்தச் சொற்களைப் போட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் பாடினார்கள் என்றாய். மே தினம் சிக்காகோவில் தொடங்கியது என்று நீ சொன்னபோது, "போடா விசரா, அது ரஷ்யாவில" என்று உன்னோடு சண்டை பிடித்தேன், ஞாபகமா? யாழ்ப்பாணத்தில் என் அண்ணையோடு ஐந்து மே தின ஊர்வலத்தில் சிவப்புச் சட்டை போட்டு நடந்தவள் நான். அண்ணையின் வாசிப்பு வட்டத்தில் அமெரிக்கத் தொழிலாளர் கதைகளைத் தமிழில் வாசித்து, இறைச்சித் தொழிற்சாலையில் விரல் போனவனுக்காக அழுதவள். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்களே, அது ஆரைப் பார்த்துச் சொன்னதோ தெரியாது, எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

உன் முன்னுரை என்ன சொல்கிறது? லண்டனில் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலை. அதில் அகதியாய் வந்த தமிழ்ப் பெண்கள். அவர்கள் ஐந்து பேர் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை இழந்து, மூன்று கிழமை மழையில் வாசலில் நின்றார்கள், அந்த ஐவரில் ஒருத்தி உன் அம்மா. அமெரிக்கச் சுவரில் வரைந்த அந்தத் தறிக்காரியை முதன்முதல் பார்த்தபோது உனக்கு என் முகம் தெரிந்ததாம். கடவுளே, தம்பி, அந்த வரியில்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். வாசலில் நின்றது நான்கு பேர். நான் உள்ளே நின்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு அப்போது நாலு வயது. காலை ஐந்தரைக்கு எங்களை ஏற்ற தொழிற்சாலை வான் வரும். குளிரறைக்குள் போனால் எட்டு மணி நேரம் முட்டையும் மயோனைசும் பூசுவதுதான் வேலை. இரண்டு கையுறை போட்டாலும் மத்தியானத்துக்குள் விரல் விறைத்து, சாண்ட்விச்சுக்கான பாண் துண்டை எடுத்தோமா விட்டோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரியும். ஒன்றுக்குப் போக வேண்டுமானால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கை உயர்த்த வேண்டும். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தது ஈசு அக்கா. என்னிலும் பத்து வயது மூத்தவ. எங்கள் ஊர்கூட இல்லை, கோயிலில் கண்ட பழக்கம்தான். வாய்க்காரி. முருகன் பஜனை மெட்டில் அவ கட்டிய பாட்டை வான் முழுக்கப் பாடிக்கொண்டு போவோம்: "முட்டைக்கும் குளிர்தானே முருகா, எங்கட மூட்டுக்கும் குளிர்தானே முருகா, மூத்திரம் வந்தாலும் முருகா, மனேச்சர் உத்தரவு வேணுமே முருகா." வான் ஓட்டுகிற பஞ்சாபிக்காரரும் "முருகா" வரும் இடத்தில் சேர்ந்து கத்துவார். உன் அமெரிக்கச் சுரங்கக்காரரைப் பற்றி ஈசு அக்கா கேள்விப்பட்டிருக்கவே மாட்டா. இந்தப் பாட்டைப் பற்றி முன்னுரையில் நீ எழுதியிருக்கும் பந்தி மெத்தச் சரி. அந்த ஒரு பந்தியை மட்டும் தொடாதே.

தொழிற்சங்கப் படிவம் கொண்டுவந்ததும் ஈசு அக்காதான். கோயில் மடைப்பள்ளியில் அன்னதானத்துக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்து நீட்டினா. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம், ஐந்தாவது நான். பக்கத்தில் பவானி என்று இன்னொருத்தி இருந்தாள். எங்களோடு வானில் வருகிறவள், பயந்த சுபாவம். "அக்கா, என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, நான் போடேலாது, குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். என் கேசும் முடியவில்லைதான். ஆனாலும் அண்ணையின் ஊர்வலமெல்லாம் நினைவுக்கு வந்து, பெரிய வீராங்கனை மாதிரி முழுப் பெயரும் எழுதினேன்.

அடுத்த கிழமை ஒரு புதன்கிழமை மத்தியானம் மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பெண்களுக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது நான்தான் என்றபடியால் அது புதிய விஷயமில்லை. ஆனால் அன்றைக்கு நிற்க வைக்காமல் இருக்கச் சொன்னார். அந்தக் கட்டடத்துக்குள் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்ன முதல் ஆள் அவர். தேத்தண்ணி தந்தார். விறைத்த விரலுக்கு அந்தக் கோப்பையின் சூடு எவ்வளவு இதமாக இருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் வெட்கம். உன்னைப் பற்றி விசாரித்தார். பெண்களுக்குள் ஏதோ மனக்குறை இருக்கிறது போல, ஆராருக்கு என்று தெரிந்தால் தன்னால் சரிசெய்ய முடியும் என்றார். நான் சொன்னேன். முதலில் ஈசு அக்காவின் பெயர், பிறகு மற்ற மூன்று. எங்கள் நீண்ட பெயர்கள் அவருக்கு வாய்க்குள் வரவில்லை, எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். போன கிழமை நீ, "அம்மா, அந்த நாலு ஆன்ரிமாற்ற பேரும் ஸ்பெல்லிங் சரியா எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று எழுதியிருந்தாயே, பார்த்தேன். எல்லாம் சரி.

திங்கட்கிழமை வானில் வந்த நான்கு பேரையும் வாசலில் மறித்து, இனி அவர்களுக்கு ஷிப்ட் இல்லை என்று சொன்னார்கள். ஈசு அக்கா விடவில்லை. மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலிலேயே நின்றா, அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு. வான் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போகும். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல இருப்பேன். ஒரு நாள், பாவம் பார்த்தோ பயத்திலோ எனக்கே தெரியாது, இடைவேளையில் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பேப்பர்க்காரன் ஒருத்தன் படம் எடுத்தான். நீ பதினாறு வயதில் அலுமாரியைக் கிண்டி எடுத்தது அந்தப் படத்தைத்தான். "அம்மா, நீங்கள் ஸ்ட்ரைக்கில நிண்டனீங்களா?" என்று கண் விரியக் கேட்டாய். அதுவரைக்கும் உனக்கு என்னில் ஒரு மதிப்பும் இருந்ததில்லை. வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னோடு தமிழில் கதைக்க வெட்கப்பட்ட வயது அது. நான் "ஓம்" என்றேன். அந்த "ஓம்"க்கு மேல்தான் நீ உன் படிப்பைக் கட்டினாய். மூன்று கிழமையில் அவர்கள் களைத்துப்போய் நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உன் அப்பா இருந்த வரைக்கும் அவருக்கும் நான் இதைச் சொல்லவில்லை.

இனி உன் நூலகப் பேச்சுக்கு வருகிறேன். நீ அமெரிக்கா போவதற்கு முந்தின வருடம் இங்கே நூலகத்தில் நடந்த கூட்டத்தில் நீ பேசினாய், நான் முன்வரிசையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்க அரசாங்கம் இடதுசாரி எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் விசாரணைக்குக் கூப்பிட்டு, "உன்னோடு கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரைச் சொல்" என்று கேட்டதைப் பற்றிப் பேசினாய். சொல்லாதவன் வேலையை இழந்தான், சிலபேர் சிறைக்கும் போனார்கள். சொன்னவன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். அப்போது ஒரு கிழவர் எழும்பி, "சொன்னவர்களை நீங்கள் மன்னிப்பீர்களா?" என்று கேட்டார். "வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அதற்கு வீரம் தேவையில்லை" என்றாய். சொல்லிவிட்டு என்னைக் காட்டி, "இதோ இருக்கிறா, நாலு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவ" என்றாய். சபை கைதட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பித் திரும்பி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டேன். தூ! அந்தக் கும்பிடு எனக்கு இன்றைக்கும் நித்திரையில் வருகிறது.

முன்னுரை வந்த பிறகு, உனக்குச் சொல்வதற்கு முன்னால் ஈசு அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் தெற்கு லண்டனில் அவ இருக்கிற சட்டனுக்கு ரயிலில் போனேன். மகள் வீட்டில் இருக்கிறா. வேலை போன பிறகு பத்துப் பதினைந்து வருடம் கந்தோர்களில் கழிவறை கழுவினவ. முழங்கால் இரண்டும் சரியில்லை. என்னைக் கண்டதும், "வாரும் பிள்ளை, வாரும்! எத்தினை வருசம்!" என்று கட்டிப் பிடித்தா. உன் புத்தகத்தைச் சொன்னேன். சந்தோசத்தில் மகளைக் கூப்பிட்டு, "பார், இவவின்ர பெடியன் எங்களையும் புத்தகத்தில போடப் போறானாம்" என்று சொல்லிச் சிரித்தா. நான் கொண்டுபோன ரொட்டியைப் பற்றிச் சொன்னா, என்ன மரக்கறி வைத்திருந்தேன் என்பது வரை. நான் வாயைத் திறக்க, அதற்குள் அவ, "உமக்கு ஒரு கதை தெரியாது" என்றா. "எங்களை நிப்பாட்டின அண்டைக்கு மனேச்சர் தனித்தனியாக் கூப்பிட்டு, இன்னும் ஆர் கையெழுத்துப் போட்டது, சொன்னா ஷிப்ட் தாறன் எண்டவன். நாலு பேரும் ஒருத்தரும் உம்மட பேரைச் சொல்லேல்லை. உமக்குச் சின்னப் பிள்ளை எண்டு நாங்கள் முதலே கதைச்சு வைச்சனாங்கள்."

"அப்ப ஆர் அக்கா உங்கட பேரைக் குடுத்தது?" என்று கேட்டேன். தம்பி, நானே கேட்டேன், அந்த நாக்கை அறுக்க வேண்டும். "வேற ஆர், அந்தப் பவானி தான். கையெழுத்துப் போட மாட்டன் எண்டு எழும்பிப் போனவள். அவளோட இண்டைவரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கிறேல்லை. தன்ர மகளின்ர கலியாணத்துக்குக் கார்ட் அனுப்பினவள், எங்கட ஆக்கள் ஒருத்தரும் போகேல்லை. போக ஏலுமே?" என்றா. பவானி இப்போது கிழக்கு லண்டனில், செவன் கிங்சில் இருக்கிறாள். அந்தக் கலியாணத்துக்கு நானும் போகவில்லை. எங்கள் சனம் ஒருவரை ஒதுக்கி வைத்தால் எப்படி என்று உனக்குத் தெரியாது. ஆரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கோயிலில் பக்கத்தில் வந்து இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் அவள் அப்படி இருந்திருக்கிறாள், ஏன் என்று தெரியாமலே. ஈசு அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வாறன் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகின கை, தம்பி.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எனக்காக உன் புத்தகத்தில் பெயர் சொன்னவர்களைப் பற்றிய அத்தியாயத்தைப் பதமாக்காதே. அவர்கள் செய்தது பிழைதான். ஆனால் ஒன்றைத் திருத்து: அவர்களைப் பயமுறுத்திப் பெயர் வாங்கினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எல்லாரையும் அப்படி இல்லை. சிலபேரை ஒரு கதிரையில் இருத்தி, பிள்ளை சுகமா என்று கேட்டிருப்பார்கள். மேசையைத் தட்டியிருந்தால் நான் கூட வாயை மூடியிருப்பேனோ என்னவோ. உன் கல்லூரியிலும் உதவி ஆசிரியர்கள் சங்கம் சேர்க்கிறார்கள் என்றாய், துறைத்தலைவர் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் என்றும் சொன்னாய். போ, சாப்பிடு. ஆரைப் பற்றியாவது அன்பாக விசாரித்தால் எழும்பி வந்துவிடு. நான் வீராங்கனை என்று நினைத்து நீ எடுத்த துணிவை நான் கோழை என்று தெரிந்ததும் கீழே போட்டுவிடாதே, அது மட்டும்தான் எனக்குப் பயம். நீ என்னோடு கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தாலும் இருப்பாய். இரு. எனக்கு நோகும், ஆனால் அது நியாயம்.

வருகிற சனிக்கிழமை செவன் கிங்சுக்குப் போகிறேன். முதலில் பவானிக்குச் சொல்வேன், அங்கிருந்தே ஈசு அக்காவுக்குப் போன் போட்டு அவளுக்கு முன்னாலேயே சொல்வேன். அதற்குப் பிறகு நீ முன்னுரையை அனுப்பு. என்னை அதிலிருந்து எடுத்துவிடாதே, அது எனக்குச் செய்கிற உபகாரமாகிப் போகும். நான்கு பெண்கள் வாசலில் நின்றார்கள் என்றும், அவர்களின் பெயரைக் கொடுத்தது என் அம்மா என்றும், பவானி கொடுக்கவில்லை என்றும் எழுது.

ஏன் செய்தீர்கள் என்று நீ கேட்பாய். இவ்வளவு காலமும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த நாட்களில், வடிவாக எழுதுவேன் என்று நிவாரணப் பட்டியல் எழுதும் வேலை என்னிடம்தான் வந்தது. அதிகாரி கொப்பியும் பேனையுமாக வந்து ஆருக்குக் கஷ்டம் என்று கேட்பார், நான் பெயர் சொல்வேன். பெயர் ஏறினால் அரிசி வரும், விடுபட்டால் அந்தக் குடும்பம் பட்டினி. அந்தப் பழக்கத்தில்தான் மனேஜர் கேட்டதும் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்பித்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சட்டனிலிருந்து திரும்பிவரும் ரயிலில்தான் அந்தப் பதிலும் இல்லாமல் போனது.

அந்த மண்டபத்தில் நான் எழுதிய ஒவ்வொரு பட்டியலிலும் முதலாவதாக எங்கள் குடும்பத்தின் பெயரைத்தான் எழுதினேன், தம்பி. மனேஜருக்கு என் பெயரை நான் சொல்லவே இல்லை.

அம்மா